சிவப்புத் திருகு

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் கமா. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர். ஓட்டலுக்குப் போனால் விலைப்பட்டியலில் இரண்டு ஒற்றெழுத்தாவது சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இதற்குப் பயந்தே கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்று அவர் மனைவி சொல்வாள். எழுதியிருந்தால் மட்டும் என்ன, சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பழைய பாட்டுப் பெட்டியில் பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு வாசகம் எழுதிவிட்டு, அதை முடிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். 'அம்மாவின் ரேடியோகிராம்' என்பது முதல் வரி. இரண்டாவது வரியில் வருஷம் வர வேண்டும். அந்த இடம் காலி.

அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுச் சித்தியைத் தங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துவருவதாக முடிவு. சித்தி என்றால் அப்பாவின் இரண்டாம் மனைவி. கமாவைப் பெற்றவள் அவருக்கு மூன்று வயதாகும்போதே போய்விட்டாள். அதன் பிறகு மூன்று வருஷம் அத்தை வீட்டில் கிடந்து, அப்பாவின் இரண்டாம் கல்யாணத்துக்கு மறுநாள்தான் பையன் வீடு திரும்பினான். அன்று முதல் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியது, காய்ச்சலில் கண் விழித்தது எல்லாம் சித்திதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கமாவும் சொன்னதில்லை.

ஆனாலும் பெற்றவள் பெற்றவள்தானே. அவளுடையது என்று அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று சட்டம் போட்ட ஒரு புகைப்படம். இன்னொன்று அந்தப் புகைப்படம் எந்தப் பெட்டியின்மேல் இருந்ததோ அந்தப் பெட்டி. இடுப்பு உயரம், பளபளக்கும் மரம், நாலு குட்டைக் கால். ரேடியோவும் இசைத்தட்டு சுழலும் மேடையும் ஒரே பெட்டிக்குள். குமிழ், டயல் எல்லாம் மேல்மூடிக்கு அடியில்தான். மூடியைத் திறக்க வேண்டுமென்றால் படத்தை எடுத்தாக வேண்டும். படத்தை எடுக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. நாற்பத்தாறு வருஷம் அந்த மூடி திறக்கவில்லை என்றால் நம்புவீர்களா? அந்த வீட்டில் அப்படித்தான்.

இது போக, கமாவிடம் ஒரு ஞாபகமும் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூட ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். கன்னத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்திருக்கிறார். மரம் குளுகுளுவென்று இருக்கிறது. மெருகெண்ணெய் வாசனை. உள்ளேயிருந்து ஒரு பெண்குரலில் பாட்டு. பக்கத்தில் ஒரு சேலை முந்தானை அசைகிறது. அவ்வளவுதான். அம்மா பாட்டுப் போட்டிருக்கிறாள், தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அம்மா முகம் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இது மட்டும்தான் தானாகவே தெரிந்தது.

அடுக்குமாடி வீட்டில் பெரிய சாமான் ஒன்றுக்குத்தான் இடம். சித்தியின் அலமாரியா, பெட்டியா என்ற பேச்சு எழுவதற்கு முன்னாலேயே சித்தி தீர்த்துவிட்டாள்.

"நாலு புடவைக்கு அலமாரி எதுக்குடா? டிரங்குப் பெட்டி போதும். அக்காவோடத எடுத்துக்கிட்டுப் போ. அதுதான் உனக்கு முக்கியம்."

சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். இருப்பதிலேயே சின்னச் சாவி ஒன்றை, வளையத்தைப் பல்லால் நெகிழ்த்திக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, இதோட சாவி. தொலச்சுடாத."

"இது உங்கிட்டயா இருந்துச்சு?"

"நான் வந்த அன்னிக்கே உங்கப்பா கொத்தோட குடுத்தாரு. அக்கா பெட்டிய நான் என்னத்துக்குத் தொறக்கப் போறேன்? அது பாட்டுக்குக் கூடவே கிடந்துச்சு."

படத்தைத் தன் பழைய புடவை ஒன்றில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். பெட்டி ஒரு வண்டியில் ஏறி, சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்த ஒரு கிடங்குக்குப் போயிற்று. வருஷம் தெரிய வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கிடங்கின் சொந்தக்காரிக்குத் தேதியம்மா என்று பெயர். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய ரேடியோ எதைக் கொடுத்தாலும் யார் செய்தது, எப்போது செய்தது என்று சொல்லிவிடுவார். மூக்குமேல் கோபம். வாசலில் 'தேதி மட்டும் சொல்லப்படும். விலை கேட்காதீர்கள்' என்று பலகை. கமா அதை இரண்டு தடவை படித்தார். பிழை இல்லை. அப்போதே அவருக்கு அந்த அம்மாள்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது.

தேதியம்மா பெட்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். காலைத் தட்டினார். முகப்பில் இருந்த இரண்டு சின்ன ஓட்டைகளில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு பேர்ப்பட்டை இருந்திருக்கு. யாரு புடுங்கினது?"

கமா மென்று விழுங்கினார். "நான்தான். எட்டு வயசுல."

"எங்க அது?"

"ஒரு பம்பரத்துக்கு மாத்திக்கிட்டேன்."

"நல்ல வியாபாரம்" என்றார் தேதியம்மா. "பின்னாடி ஒட்டுன சீட்டப் பூச்சி தின்னுடுச்சு. முன்னாடி இருந்தத நீங்க தின்னுட்டீங்க. சரி. பெட்டிய மட்டும் பார்த்தா அம்பத்தெட்டு, அம்பத்தொம்போதுன்னு சொல்லலாம்."

கமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது அம்பத்தெட்டில்! தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பாள் என்று அவர் நினைத்திருந்தது அப்படியே பொருந்துகிறது. தேதியம்மா அதோடு நிறுத்தவில்லை. "ஆனா மரத்த நம்பி நான் தேதி சொல்றதில்ல சார். ஒரே அச்சுல பத்து வருஷம் பெட்டி செஞ்சு தள்ளியிருக்கான். உள்ள பார்க்கணும். சனிக்கிழமை வாங்க" என்றார். கமா காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. ஊரில் எல்லாருடைய வாக்கியத்தையும் முற்றுப்புள்ளிவரை படிக்கிறவர், தன் விஷயத்தில் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டார்.

நேராகத் தகடு வெட்டுகிறவரிடம் போய் வருஷத்தை வெட்டச் சொல்லியிருப்பார். மனைவிதான் தடுத்தாள். "அந்தம்மா முழுசா சொல்லட்டுமே. பித்தளைல அழிக்க ரப்பர் கிடையாது, தெரியுமில்ல?"

சனிக்கிழமை போனபோது பெட்டியின் வயிற்றிலிருந்து ரேடியோ பாகமெல்லாம் வெளியே வந்து மேசைமேல் கிடந்தது. கண்ணாடிக் குழல் வால்வுகள் வரிசையாகப் பஞ்சில் படுத்திருந்தன. தேதியம்மா விளக்கை இழுத்து, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு, ஓர் அலுமினிய உருளையின் முதுகைக் காட்டினார். அதில் 47 65 என்று குத்தியிருந்தது.

"கண்டென்சர். அறுபத்தஞ்சாம் வருஷம், நாப்பத்தேழாவது வாரம் செஞ்சது. ஒரு பெட்டில இருக்கிற உருப்படிகள்லயே எது கடைசியா செஞ்சதோ, அதுக்கப்புறம்தான் பெட்டிய முழுசா சேர்த்துப் பூட்டியிருக்க முடியும். அதுதான் கணக்கு. இது கடைக்கு வந்தப்ப அறுபத்தாறு பொறந்திருக்கும்."

கமா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா இறந்தது அறுபத்து மூன்றில்.

"யாராச்சும் ரிப்பேர்ல மாத்தியிருப்பாங்க" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் இத எண்ணுனேன்." தேதியம்மா பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "ஈயம் வச்சு ஒட்டுன இடத்துல எல்லாம் சின்னதா ஒரு சிவப்புப் பொட்டு தெரியுதா? கம்பெனில ஒருத்தர் ஒவ்வொண்ணா ஊசியால தட்டிப் பார்த்து, சரியா இருந்தா பொட்டு வைப்பாரு. ரிப்பேர்காரன் எவனும் பொட்டு வைக்க மாட்டான். மொத்தம் நூத்துப்பன்னெண்டு இடம். நூத்துப்பன்னெண்டுலயும் பொட்டு இருக்கு."

"மரப்பெட்டி பழசா இருந்து, உள்ள இருக்கிறத மொத்தமா மாத்தியிருந்தா?"

விடாக்கண்டன்தான். தேதியம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஏனோ வரவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியின் மேல்மூடியைத் தூக்கிப் பிடித்தார். தட்டு சுழலும் மேடை கன்னங்கரேலென்று புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. அதன் இரண்டு ஓரங்களில் இரண்டு திருகுகள், தலையில் சிவப்புச் சாயம். ஒன்றில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. 'பாட வைக்கும் முன் இவ்விரண்டையும் தளர்த்தவும்.'

"வண்டில வரும்போது மேடை குலுங்காம இருக்கப் போட்ட திருகு சார் இது. இதத் தளர்த்தாம தட்டு சுத்தாது. சாயத்தப் பாருங்க, திருகுல இருந்து பலகை வரைக்கும் விரிசலே இல்லாம ஓடுது. யாரும் இதத் தொடவே இல்ல. முள்ளுமேல போட்ட ரப்பர் உறைகூட அப்படியே இருக்கு."

"அப்ப ரேடியோ? ரேடியோவாவது…"

தேதியம்மா பின்பக்கத்திலிருந்து மின்கம்பியை எடுத்துக் காட்டினார். தொழிற்சாலையில் சுற்றிக் கட்டிய சணல் கயிறு அப்படியே இருந்தது. முனையில் பிளக் மாட்டவே இல்லை.

"நான் கேட்டிருக்கேங்க" என்றார் கமா. "அம்மா பாட்டுப் போட்டு, இந்தப் பக்கத்துல கன்னத்த வச்சு நான் கேட்டிருக்கேன்."

தேதியம்மா விளக்கை அணைத்தார். "சார், இந்தப் பெட்டி பொறந்ததுல இருந்து ஒரு தடவகூடப் பாடல" என்றார். அதட்டுகிற வாயிலிருந்து அது அத்தனை மெதுவாக வந்ததுதான் கமாவுக்குத் தாங்கவில்லை.

பிறகு கமா, வாழ்நாளில் எந்த அச்சுத் தாளிலும் அனுமதித்திராத ஒன்றைக் கேட்டார். "தகட்டுல நான் அம்பத்தெட்டுன்னே போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது. தகடு உங்களோடது." தேதியம்மா வால்வுகளைப் பஞ்சில் பொதியத் தொடங்கினார். "ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் காலத்துல இத்தனை பெரிய பெட்டிய யாரும் சும்மா வாங்க மாட்டாங்க. அறுபத்தாறுல உங்க வீட்டுல என்ன விசேஷம்?"

"அப்பாவுக்குக் கல்யா…" என்று ஆரம்பித்த கமா வாயை மூடிக்கொண்டார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். முதலில் அப்பாமேல் கோபம் வந்தது, பிறகு தேதியம்மாமேல், பிறகு அந்தப் பாழாய்ப்போன சிவப்புப் பொட்டுகள்மேல். நூற்றுப்பன்னிரண்டில் ஒன்றாவது விட்டுப்போயிருக்கக் கூடாதா? அம்மாவோடு தனக்கிருந்த ஒரே உறவு அந்தக் கன்னம் வைத்த நிமிஷம். அதுவும் தானே இட்டுக்கட்டியதா? ஐம்பத்திரண்டு வயது மனிதன் தாயை இரண்டாவது தடவை பறிகொடுத்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். நடத்துநர் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நாலு நாள் அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் பார்த்து அனுப்பிய ஒரு பாடப் புத்தகத்தில் ஒரே வரி இரண்டு தடவை அச்சாகியிருந்தது. அச்சகமே வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. அன்று சாயங்காலம் மனைவி கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் பிடியிலிருந்து தப்ப முடியாது. எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அது சித்திக்கு வாங்கினது" என்றாள் மனைவி.

"ஆமா."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லிட்டா அப்புறம் எனக்கு அம்மான்னு என்ன இருக்கு? ஒரு படம். படம் எல்லாருக்கும்தான் இருக்கும்."

மனைவி எழுந்தாள். சமையலறைக்குப் போனாள், ஏதோ பாத்திரத்தை எடுத்தாள், அங்கிருந்தே சொன்னாள். "ஏங்க, நாப்பத்தாறு வருஷம் தொடச்சிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி வந்தது. கூடவே தேதியம்மா கொடுத்தனுப்பிய ஓர் உறை. உள்ளே இரண்டு பழைய கண்டென்சர்கள், ஒரு சின்னத் திருப்புளி, கமா அவரிடம் விட்டுவந்த சாவி, ஒரு சீட்டு. 'மின்சாரம் தாங்காத இரண்டை மட்டும் மாற்றினேன். பழையவை இதில். பிளக் மாட்டியாயிற்று. சிவப்புத் திருகைத் தொடவில்லை. தொட வேண்டியவர் தொடட்டும்.' ஒரு பிழையும் இல்லை.

ஆட்கள் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்கள். சித்தி முந்தின நாளே குடிவந்திருந்தாள். கையில் துணியும் மெருகெண்ணெய்க் குப்பியும். ஒரு துடை துடைத்துவிட்டு, புடவைச் சுற்றைப் பிரித்துப் படத்தை எடுத்து, "வாங்கக்கா, உங்க எடத்துக்கு வாங்க" என்று மூடிமேல் வைக்கப் போனாள்.

"சித்தி, கொஞ்சம் இரு" என்றார் கமா.

சொல்லிவிட்டார். வருஷம், வாரம், நூற்றுப்பன்னிரண்டு பொட்டு, பிளக் இல்லாத கம்பி எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார். சொல்லும்போது படத்தைப் பார்க்கவில்லை. சித்தி படத்தை மார்போடு பிடித்தபடி நின்றாள்.

"அந்தம்மா தப்பா சொல்லியிருப்பாங்கடா."

"இல்ல சித்தி. எண்ணிட்டாங்க."

"அறுபத்தாறா? அறுபத்தாறுலதானே நான்…" சித்தி அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேப்பாரு, 'பாட்டு கேக்குறியா'ன்னு. அந்த மனுஷனுக்கு அக்கா ஞாபகம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்குவேன். இவரப் போயி எதுக்கு அழ வைக்கணும்னு, 'வேணாங்க'ன்னுடுவேன். இந்த மூடியத் தொறக்கணும்னா அக்காவ எடுத்துக் கீழ வைக்கணுமே. அது எப்படி வைப்பேன்?"

"அப்பா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார் கமா.

"சொல்லியிருக்கலாமில்ல? வாயத் தொறந்து 'உனக்குத்தான் வாங்கினேன்'னு சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" சித்திக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஏறின வேகத்திலேயே இறங்கியும் விட்டது. கமாவை ஒரு மாதிரி பார்த்தாள். "எப்படிடா சொல்லுவாரு, பாவம். நான் வந்ததுக்கு மறுநாள் உங்க அத்தை உன்னக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வரும்போதே இந்தப் படத்தக் கொண்டுவந்து, வீட்டுல உசரமா வேற எடமே இல்லேன்னு இது மேல வச்சாங்க. நீ ஓடி வந்த. இதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு 'எங்கம்மா பெட்டி, எங்கம்மா பெட்டி'ன்னு ஒரே அழுகை. உங்கப்பா வாயத் தொறந்தாரு. உன்னப் பார்த்தாரு. மூடிக்கிட்டாரு. ஓ, இது அக்காவோடதான்னு நானும் அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

கமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. முதல் பிழை அவருடையது! ஆறு வயதில் அவர் போட்ட ஒன்றை வீடே நாற்பத்தாறு வருஷம் திருத்தாமல் படித்திருக்கிறது. அவர் அழக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டார், ஒரு பெண் தன் பெட்டியை அடுத்தவள் பெட்டியென்று துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தானா சித்தி?" என்றார்.

"ஆமா, பெரிய குத்தம் பண்ணிட்ட! ஆறு வயசுப் புள்ள. போடா" என்றாள் சித்தி.

கமா சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னச் சாவியை எடுத்துச் சித்தி கையில் வைத்தார். படத்தை மெல்ல வாங்கித் தன் மனைவியிடம் கொடுத்தார். சித்திக்குச் சாவித் துவாரம் உடனே அகப்படவில்லை. மூடி திறந்ததும் மெருகெண்ணெய் படாத உள்மரத்தின் வாசனை வந்தது. தட்டு மேடையின்மேல் பழுப்புக் காகித உறையில் ஒரே ஒரு இசைத்தட்டு இருந்தது. பெட்டியைப் பார்ப்பதற்காக எடுத்துவைத்திருந்த அதையும் தேதியம்மா பழைய இடத்திலேயே திருப்பி வைத்திருந்தார். சித்தி உறையை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சித்தி?"

"உங்கப்பா என்னப் பார்க்க எங்க வீட்டுக்கு வந்தப்ப, அவர் வந்தது தெரியாம நான் உள் ரூம்ல மெத்தைக்கு உறை போட்டுக்கிட்டே இந்தப் பாட்டத்தான் பாடிக்கிட்டு இருந்தேன். வெளிய வந்து பார்த்தா மனுஷன் உக்காந்திருக்காரு. எனக்கு மானமே போச்சு. காதுல விழலன்னுதான் சொன்னாரு." சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "விழுந்திருக்கு பாரு."

திருப்புளியைச் சித்தியே பிடித்தாள். முதல் திருகு அசைய மறுத்தது. கமா அவள் கைமேல் கைவைத்து அழுத்தினார். சாயம் டப்பென்று வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. இரண்டாவதைச் சித்தி தனியாகவே திருகினாள். மேடை ஒரு நூலிழை மேலே எழும்பி, சுருள்கம்பிகளின்மேல் லேசாக ஆடியது. மனைவி பிளக்கைச் செருகினாள். வால்வு சூடாக நேரம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால், பெட்டி கெட்டுப்போய்விட்டதென்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டயலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. முள் இறங்கியது.

பாட்டுத் தொடங்கி இரண்டாவது வரி வருவதற்குள் கமாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதே மெட்டு. கன்னம் வைத்துக் கேட்டாரே, அதே மெட்டு! சத்தியமாக இதேதான். ஆனால் இந்தப் பெட்டி இதுவரை பாடியதே இல்லையே! இந்தத் தட்டு இதுவரை சுழன்றதே இல்லையே! குரல்கூட இது இல்லை. அவர் கேட்ட குரல் இத்தனை சுத்தமாக இராது; மேலே போகும் இடத்தில் கொஞ்சம் இறங்கிவிடும்.

திரும்பிப் பார்த்தார். சித்தி துணியால் பெட்டியின் பக்கவாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருக்காத மனுஷி. துடைத்துக்கொண்டே தட்டோடு சேர்ந்து வாய்க்குள் முணுமுணுத்தாள். மேலே போகும் இடம் வந்தது. கொஞ்சம் இறங்கிற்று.

"சித்தி, இத நீ எனக்குப் பாடியிருக்கியா?"

"உனக்கெங்க பாடினேன்? இதத் தொடைக்கும்போது எனக்கு நானே முனகிக்குவேன். நீ வந்து இந்தப் பக்கத்துல கன்னத்த வச்சுக்கிட்டு, 'பெட்டி பாடுது'ம்ப. நான் நிறுத்திட்டா, 'பாட்டு நின்னுபோச்சு'ன்னு அழுவ. அதுக்காகவே தொடச்ச எடத்தயே திரும்பத் திரும்பத் தொடைப்பேன். அப்புறம் உங்க அத்தை பார்த்துட்டு, 'படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு என்ன பாட்டு'ன்னு ஒரு நாள் சத்தம் போட்டாங்களா, அதோட விட்டுட்டேன். ஏன்டா, ஞாபகம் இருக்கா உனக்கு?"

கமா ஐம்பத்திரண்டு வயதில் முழங்காலை மடக்கி, தரையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தார். மரம் குளுகுளுவென்று இருந்தது. பாட்டு முடிந்து தட்டு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடா, தரை சில்லுனு இருக்கு" என்றாள் சித்தி.

"பாட்டு நின்னுபோச்சு சித்தி" என்றார்.

சித்தி அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, துணியை மடித்துக்கொண்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

படம் சுவரில் ஏறியது, நின்றால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற உயரத்தில். இடத்தைச் சித்தியே காட்டினாள். இத்தனை வருஷம் குனிந்துதான் அக்காவைப் பார்த்தேன், இனிமேல் நேராகப் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். சின்னச் சாவி சாவிக்கொத்துக்குத் திரும்பியது. இந்தத் தடவை வளையத்தைக் கமா நெகிழ்த்திக் கொடுத்தார், அவருக்குப் பல் கெட்டியாக இருந்ததால்.

மறுநாள் கமா தகடு வெட்டுகிறவர் கடைக்குப் போனார். பழைய தாளை எடுத்துக் காட்டி, வாசகத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். கமா தாளை வாங்கினார். பழக்கதோஷம், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அம்மாவின் ரேடியோகிராம்.'

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"முதல் வரி சரியாத்தான் இருக்கு. கீழ அறுபத்தாறுன்னு போட்டுடுங்க" என்றார்.